மருமகள் கையெழுத்திடாத ஒப்பந்தம்

84 வயதுக் கிழவர். நினைவு தளர்ந்து, நிலை தடுமாறி, நள்ளிரவில் எழுந்து, தாம் பெற்ற மகனையே பார்த்து, "திருடன்! திருடன்!" என்று கூவுகிறார். பெற்ற மகள் வந்து நிற்கிறாள்; யாரிவள் என்று விழிக்கிறார். அந்த வீட்டிலே அவருக்கு அடையாளம் தெரிகிற முகங்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று பேரன் முகம். மற்றொன்று மருமகள் முகம்! ஆண்டுக்கணக்கில் எவளைச் சொல்லால் சுட்டு வாட்டி வந்தாரோ, அந்த மருமகளின் முகம்! மகன் மறந்து போயிற்று, மகள் மறந்து போயிற்று. சோறு போடுகிறவள் மட்டும் மறக்கவில்லை.

சவாக்கோ அரியோஷி என்னும் ஜப்பானியப் பெண் எழுத்தாளர் 1972-ஆம் ஆண்டு வெளியிட்ட 'கோகோட்ஸு நோ ஹிதோ' என்ற புதினத்தில் வரும் ஷிகெஸோ என்ற முதியவர் இவர். தன்னை மறந்த மயக்கத்தில் ஆழ்ந்த மனிதர் என்பது அத்தலைப்பின் பொருள். வெளிவந்த ஆண்டிலேயே 10 லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. மூப்பினால் அறிவு மழுங்கியோரைக் குறிக்கும் வழக்குச் சொல்லாகவே தலைப்பு மாறிற்று. மறு ஆண்டே ஷிரோ டொயோடா அதைத் திரைப்படமாக்கினார். ஹிசாயா மோரிஷிகே கிழவராகவும் ஹிடெக்கோ டகமினே மருமகளாகவும் நடித்தனர். 1984-இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது, அந்திப் பொழுதின் ஆண்டுகள் என்று பொருள்படும் அழகான பெயர் ஒன்றைச் சூட்டிவிட்டார்கள். அந்தியாம், அழகாம்! பாயிலே மலத்தைப் பூசிவிட்டு நிற்கும் கிழவரைக் கழுவித் துடைக்கும் பெண்ணிடம் போய் அந்தியின் அழகைக் கூறிப் பாருங்கள். அரியோஷி இட்ட பெயரிலே ஏளனமும் இரக்கமும் கலந்திருந்தன. ஆங்கிலப் பெயரிலே சர்க்கரை மட்டும் இருக்கிறது.

கதை பெரிதல்ல. டோக்கியோ நகரிலே, வழக்கறிஞர் அலுவலகமொன்றில் தட்டச்சு வேலை பார்க்கிறாள் அக்கிகோ. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து, வாரத்துக்கான பண்டங்களைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறாள். பனி பெய்கிறது. எதிரே மாமனார் மேலங்கிகூட இல்லாமல் விரைந்து நடக்கிறார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், பின்கட்டிலே மாமியார் பிணமாகக் கிடக்கிறார். மனைவி மாண்டது அந்தக் கிழவருக்குத் தெரியவில்லை. பசிக்கிறது என்பதுதான் தெரிகிறது. இதுவரை அவருடைய தடுமாற்றத்தையெல்லாம் அந்த மூதாட்டியே மறைத்து, மூடி, சமாளித்து வந்திருக்கிறாள். ஒரு பெண் சாய்ந்தாள். சுமை மற்றொரு பெண்ணின் தோளுக்கு மாறிற்று. யாரும் கூடிப் பேசவில்லை, யாரும் அவளிடம் சம்மதம் கேட்கவில்லை. இறுதிச் சடங்குக்கு வந்த மகள் கியோக்கோ சடங்கு முடிந்ததும் ஊர் திரும்புகிறாள். மகன் நொபுத்தோஷி வணிக நிறுவனமொன்றிலே வேலை. காலையில் போனால் இரவு வெகுநேரம் கழித்து வருவான். தந்தையைப் பார்க்கும்போதெல்லாம், நமக்கும் இப்படித்தானோ என்று அஞ்சுவான், அஞ்சியபடி ஒதுங்குவான்.

இந்த நொபுத்தோஷியை வைது தீர்ப்பது எளிது. படிக்கிறவர் பலரும் அதைத்தான் செய்வர். நான் செய்யப் போவதில்லை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் இந்தப் புதினம் மாமூலான குடும்பக் கதையாகப் போயிருக்கும். அவன் நல்லவன். நல்லவனாக இருந்தும் வீட்டில் இல்லை. ஏன் இல்லை? அக்கேள்விக்கு விடை அவனுடைய உள்ளத்தில் இல்லை. ஆலை வாயிலிலும், அலுவலக வாயிலிலும், சங்கமும் முதலாளியும் எதிரெதிரே அமர்ந்து பேசிய மேசையிலும் இருக்கிறது. இலக்கியம் பேச வந்தவன் கூலிக் கணக்குப் பேசுகிறானே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டா. கூலிக் கணக்கு தெரியாமல் அக்கிகோவின் கண்ணீர்க் கணக்கு விளங்காது.

போரிலே தோற்று, நகரங்கள் சாம்பலாகிக் கிடந்த ஜப்பானில், 1945 டிசம்பரில் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. அடக்கப்பட்டுக் கிடந்த பாட்டாளிகள் அணை உடைந்த வெள்ளமெனச் சங்கங்களிலே சேர்ந்தனர். 1949-இல் தொழிலாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சங்க உறுப்பினர். 1946-இல் மின் தொழிலாளர் சங்கம் போராடிப் பெற்ற கூலித் திட்டம் ஒன்று நாடெங்கும் முன்மாதிரியாயிற்று. வயதென்ன, குடும்பத்திலே உண்ணும் வாய்கள் எத்தனை என்று பார்த்து அடிப்படைக் கூலியைக் கணக்கிடும் திட்டம் அது. மனிதன் உயிர்வாழ என்ன வேண்டும் என்பதைக் கேட்டு அதற்குக் கூலி கேட்ட திட்டம்! பசித்த நாட்டிலே பாட்டாளி எழுப்பிய அக்குரலை எவரும் இகழ முடியாது. 1947 பிப்ரவரி முதல் நாள் நடக்கவிருந்த பொது வேலைநிறுத்தத்தைப் படைத்தலைவர் மக்ஆர்தர் முன்னாளே தடை செய்தார். அதன் பிறகு ஆட்குறைப்பு, கதவடைப்பு, கறுப்புப் பட்டியல் என்று அடிமேல் அடி. 1960-இல் மீகே நிலக்கரிச் சுரங்கத்திலே நிகழ்ந்த நெடும்போரும் தோல்வியில் முடிந்தது.

போராட்டப் புயல் ஓய்ந்தபின் எஞ்சியது ஓர் ஒப்பந்தம். எழுதப்பட்டது பாதி, எழுதப்படாதது பாதி. பெரிய நிறுவனத்திலே இளைஞனாகச் சேர்ந்தவன் ஓய்வு பெறும் வரை விலக்கப்பட மாட்டான். வயது ஏற ஏறக் கூலி ஏறும். போகும்போது பணிக்கொடை கிடைக்கும். பதிலுக்கு அவன் தன் பொழுதையெல்லாம் நிறுவனத்துக்குத் தருவான். மாற்றினால் மாறுவான், மிகைநேரம் கேட்டால் தருவான், மேலதிகாரி விருந்துக்கு அழைத்தால் அதற்கும் போவான். முதலாளி கையெழுத்திட்டான், சங்கமும் கையெழுத்திட்டது. ஆனால் அவன் வீட்டிலே குழந்தையை வளர்ப்பது யார்? கிழவரைக் குளிப்பாட்டுவது யார்? ஒப்பந்தம் நிறைவேற மூன்றாவது ஆள் ஒருத்தி இரவும் பகலும் கூலியின்றி உழைத்தாக வேண்டும். அவளை மேசைக்கு அழைத்தாரில்லை. குடும்பக் கூலி என்று பெயர் வைத்து, குடும்பத்தின் உழைப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். நொபுத்தோஷி நள்ளிரவில் வீடு வருகிறான் என்றால், அது அவனது குணக்கேடு ஆகாது. ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு! அரியோஷி சங்கத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவும் ஆற்றவில்லை. கணவன் வரும் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டே போகிறார். அதுவே போதுமானதாக இருக்கிறது.

அந்த ஒப்பந்தம் கிழவர்களைக் குறித்தும் ஒரு கணக்கு வைத்திருந்தது. நிறுவனங்களில் ஓய்வு வயது பெரும்பாலும் 55. 1947-இல் ஜப்பானிய ஆணின் சராசரி ஆயுள் 50 ஆண்டு, பெண்ணுக்கு 54. அப்போது 55 என்பது வாழ்வின் கடைக்கோடி. 1970-இல் ஆண் 69, பெண் 75 என்று ஆயுள் நீண்டுவிட்டது. ஓய்வு வயதோ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஊட்டமும் மருந்தும் தந்த அந்த 20 ஆண்டுகளை யார் தாங்குவது? சங்கங்கள் இதைக் காணாமல் இல்லை. 1955 முதல் ஆண்டுதோறும் நடந்துவந்த இளவேனில் கூலிப் போராட்டத்தில், 1973-ஆம் ஆண்டு ஓய்வூதியத்துக்காகவே ஒன்றுபட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். தமக்குக் கூலி கேட்பதோடு நிற்காமல் முதியோருக்கும் கேட்டார்கள், ஓய்வூதியம் உயர்ந்தது, விலைவாசிக்கேற்ப ஏறும் ஏற்பாடும் வந்தது. அதே ஆண்டு தொடக்கத்திலே, 70 வயதினர்க்கு மருத்துவம் இலவசம் என்று நாடு முழுவதும் சட்டமாயிற்று. டோக்கியோ ஆளுநர் ரியோகிச்சி மினொபே 1969-இலேயே தம் நகரில் அதைச் செய்து காட்டியிருந்தார். 1973-ஐ நலவாழ்வின் முதலாண்டு என்று அரசு பெருமையோடு அழைத்தது.

பணம் வந்தது. கை வரவில்லை! ஓய்வூதியம் கிழவரைத் தூக்கி உட்கார வைக்குமா? நலத்துறை அலுவலரிடம் அக்கிகோ வழி கேட்கும் பகுதியைப் படியுங்கள். புதினத்தின் உச்சி அதுவே என்பது என் கருத்து. 1963-இலேயே முதியோர் நலச் சட்டம் வந்து, படுக்கையில் கிடப்போர்க்கான காப்பகங்கள் என்று ஏட்டிலே இருந்தன. இடமோ மிகக் குறைவு. ஷிகெஸோவைப் போல் அலைந்து திரிகிறவரை ஏற்கும் இடம் மனநோய் மருத்துவமனைதான் என்ற அளவிலே பதில் கிடைக்கிறது. இல்லையேல், வீட்டிலே யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். 'யாராவது' என்ற சொல்லை அந்த நாட்டிலே யாரும் விளக்க வேண்டியதில்லை. அக்கிகோ வேலை நாட்களைக் குறைத்துக்கொள்கிறாள். நொபுத்தோஷியின் வேலை நாட்கள் குறையவில்லை. இப்படிப்பட்ட ஆயிரமாயிரம் வீடுகள், இலவச மருத்துவம் வந்ததும், நோயில்லாத கிழவர்களையும் மருத்துவமனைக் கட்டிலில் கொண்டுபோய்க் கிடத்தின. செலவு பெருகிவிட்டதென்று அரசு அலறி, 1983-இல் இலவசத்தை முடித்தது. குடும்பத்தார் சோம்பேறிகளாகிவிட்டனர் என்று அறிவாளர் சிலர் அறிவுரையும் கூறினர்.

மீகே சுரங்கத்துக்கு ஒரு நொடி திரும்புகிறேன். 1963 நவம்பரிலே அங்கே நிலக்கரித் தூள் வெடித்து 458 பேர் மாண்டனர். நச்சுக் காற்றினால் மூளை பழுதானோர் 800-க்கு மேல். பிள்ளைபோல் ஆகிவிட்ட கணவன்மாரை ஆண்டாண்டுக் காலம் வீட்டிலே வைத்துக் காத்தவர்கள் மனைவியர். 1967-இல் அவர்களில் பலர் சுரங்கத்துக்குள்ளேயே இறங்கி அமர்ந்து போராடினர். நச்சுக் காற்றுக்கு இரையானோருக்கென ஒரு தனிச் சட்டம் அவ்வாண்டே வந்தது. அவர்கள் காத்தது முதியோரை அல்ல. எனினும், வீட்டுக்குள்ளே செய்யும் காப்பு வேலையைத் தொழிற்போராட்டமாக மாற்றிக் காட்டியவர்கள் அவர்கள். 5 ஆண்டு கழித்து வந்த அக்கிகோவுக்கு அப்படியொரு துணை இல்லை. அவள் தனியாள். அலுவலகத்திலும் தனியாள், வீட்டிலும் தனியாள்.

மருமகள்தான் செய்ய வேண்டும் என்று யார் எழுதி வைத்தது? எழுதித்தான் வைத்திருந்தார்கள்! 'ஒன்னா டைகாகு' என்றொரு நீதிநூல். 18-ஆம் நூற்றாண்டில் ஜப்பானியச் சிறுமியர்க்குப் பாடமாயிருந்தது. பெற்றோரைவிட மாமன் மாமியையே மேலாகப் போற்ற வேண்டும் என்று போதித்தது. இளமையில் தந்தைக்கு, மணந்தபின் கணவனுக்கு, அவன் மாண்டபின் மகனுக்கு அடங்குக என்பது கன்பூசிய மரபு. "இது மனு சொன்னதாயிற்றே!" என்பீர்கள். ஆம், மனுவும் சொன்னார். இரண்டு ஏடுகளும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை அல்ல. பெண்ணின் முதுகைப் பார்த்து எழுதியவை. யூக்கிச்சி ஃபுகுசாவா என்ற சீர்திருத்த அறிஞர் அந்நீதிநூலைக் கிழித்தெறிந்து ஒரு திறனாய்வு எழுதினார், 1899-இல். அதற்கு முன்னாண்டு வந்த குடும்பச் சட்டமோ வீட்டுத் தலைவன் என்ற ஆண்மகனுக்கு முடிசூட்டியிருந்தது. போருக்குப் பின் வந்த அரசியல் சட்டத்தின் 24-ஆம் பிரிவு கணவனும் மனைவியும் சமம் என்றது. அதை வரைந்ததில் பெரும்பங்கு கொண்ட பியாட்டே சிரோட்டா என்ற பெண்ணுக்கு அப்போது வயது 22. வீட்டுத் தலைவன் சட்டத்திலிருந்து வெளியேறினான். பின்கட்டிலிருந்து வெளியேறவில்லை.

வெளியேறாததைக் கண்டு மகிழ்ந்தவர் உண்டு. 1973-ஆம் ஆண்டின் இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்தது; கருவூலம் சுருங்கிற்று. உடனே பழமைக்குப் புதுப்பூச்சு! மூன்று தலைமுறை ஒரே கூரையின்கீழ் வாழ்வது நலத்துறைக்கு மறைவான சொத்து என்று 1978-இல் அரசின் வெள்ளை அறிக்கையே எழுதிற்று. சொத்து! வணிகர் கணக்கேட்டிலே காட்டாது ஒளித்து வைக்கும் சொத்துக்கு வழங்கும் அதே சொல். எவ்வளவு நேர்மையான சொல் பாருங்கள். மருமகளின் முதுகெலும்பைத்தான் மறைவான சொத்தென்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள அகராதி வேண்டியதில்லை. ஜப்பானிய முறை நலச் சமுதாயம் என்று அதற்கோர் அலங்காரப் பெயரும் சூட்டினர். உள்ளூர் மன்றங்கள் பல, மாமன் மாமியைச் சிறப்பாகப் பேணிய முன்மாதிரி மருமகள்களுக்குப் பாராட்டிதழ் வழங்கின. பாராட்டிதழைச் சுவரிலே மாட்டலாம். அதைக் கொடுத்து ஒரு நாள் ஓய்வு வாங்க முடியுமா?

இந்தப் பின்னணியில்தான் புதினத்தின் முடிவை எடைபோட வேண்டியிருக்கிறது.

ஒரு நாள் குளியல் தொட்டியிலே கிழவர் மூழ்கிவிடுகிறார். அக்கிகோ ஒரு கணம் அகன்றிருந்த வேளை. நுரையீரல் அழற்சி கண்டு, சாவின் வாயிலுக்குப் போய் மீள்கிறார். குற்ற உணர்வு அவளைக் குத்துகிறது. செத்தால் போதுமென்று நாம் நினைத்திருந்தோமே என்று நடுங்குகிறாள். இனி என்னால் முடிந்தவரை இவரை வாழவைப்பேன் என்று உறுதி பூணுகிறாள். அதன் பிறகு கதையின் நிறமே மாறுகிறது. கிழவர் பேச்சிழந்து, குழந்தை போல் முறுவலிக்கிறார். கூண்டிலே ஒரு சிறு பறவை. அதையே பார்த்துக் களிக்கிறார். ஒரு நாள் அமைதியாக உயிர் பிரிகிறது. எல்லாம் முடிந்த பின்னர், பறவைக் கூண்டை அணைத்துக்கொண்டு அக்கிகோ அழுகிறாள். அதுவரை அவள் அழவில்லை.

கல்லும் கரையும் காட்சி. நானும் கரைந்தேன். அதை மறுத்து என்ன பயன்? எழுத்தின் ஆற்றல் அது. ஆயினும், அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபின் ஒன்று கேட்கத்தான் வேண்டும்: அக்கிகோ நலத்துறை அலுவலரிடம் கேட்ட கேள்வி எங்கே போயிற்று? புதினத்தின் முற்பாதி நாட்டை நோக்கிக் கேட்டது. பிற்பாதி அவளுடைய நெஞ்சை நோக்கித் திரும்பிவிட்டது. மன்றத்திலே நின்ற வழக்கு மனச்சாட்சியிலே தீர்த்துவைக்கப்பட்டது. தீர்ப்பும் யாருக்குச் சாதகம்? மருமகள் மனமுவந்து சுமந்தால் சுமை இன்பமாகும் என்று நம்ப விரும்பியோர் அனைவருக்கும் சாதகம். பாராட்டிதழ் அச்சடித்தவர்கள் இப்புதினத்தின் கடைசி 50 பக்கங்களை மட்டும் தனியே அச்சிட்டு அதனுடன் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். முதல் பக்கங்களைச் சேர்க்கத் துணிய மாட்டார்கள்.

எழுத்தாளர் சட்டமன்ற உறுப்பினரா, தீர்வு சொல்ல? என்று கேட்கலாம். தீர்வு கேட்கவில்லை. தம் கதையிலேயே தாம் வைத்த சான்றை அவர் முடிவு வரை கொண்டுபோகவில்லை என்பதே என் குறை. பின்கட்டில் குடிவந்த மாணவத் தம்பதியர் நினைவிருக்கிறதா? அந்த எமி என்ற இளம்பெண் கிழவருக்கு உறவில்லை, கடமையும் இல்லை. அவளோ அவரைப் பார்த்துக்கொள்ளும்போது சிரிக்கிறாள், பேசுகிறாள், அருவருப்பின்றிப் பழகுகிறாள். ஏனெனில் அவள் விட்டுப்போகலாம். அவளுக்குப் பகலும் இரவும் அதுவே ஆகாது. பாசம் இருந்தால்தான் பேண முடியும் என்ற பழம்பாட்டை இவ்வொரு பாத்திரம் பொய்யாக்கிவிடுகிறது. சுமை பங்கிடப்பட்டால் பாசம்கூடப் பிழைக்கும் என்பதற்கு அக்கிகோவே சாட்சி. எமி வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சுவிட நேரம் வருகிறது. இந்த உண்மையைத் தொட்ட கை, அதை ஓரத்தில் வைத்துவிட்டுப் பறவைக் கூண்டை எடுத்துக்கொண்டது. பேரன் சத்தோஷி, தன் தாய் தந்தையரிடம், நீங்கள் இவ்வளவு காலம் வாழ வேண்டா என்கிற பொருளிலே சொல்கிறானே, அது மட்டும் கடைசிவரை முள்ளாய் நிற்கிறது. அந்தப் பிள்ளையின் வாய்ச் சொல்லுக்கு எந்தக் கண்ணீரும் விடையாகவில்லை.

புதினம் விட்ட இடத்திலிருந்து பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். கெய்க்கோ ஹிகுச்சி முதலானோர் 1983-இல் முதுமைச் சமுதாயத்தை மேம்படுத்தும் மகளிர் சங்கத்தை அமைத்தனர். மருமகள் பாராட்டைச் சாடினர். பேணும் வேலையைச் சமுதாயத்தின் வேலையாக்கு என்பது அவர்கள் முழக்கம். தொழிற்சங்கப் பேரவையும் பின்னர் அக்குரலுடன் சேர்ந்தது. 1989-இல் காப்பகங்களையும் வீட்டு உதவியாளரையும் பெருக்கப் பத்தாண்டுத் திட்டம். 1997 டிசம்பரில் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டுச் சட்டம். 2000 ஏப்ரலில் அது நடைமுறை. 40 வயது எட்டிய ஒவ்வொருவரும் சந்தா செலுத்துகின்றனர். செலவில் பாதி வரிப்பணம், பாதி சந்தா. மருமகள் உண்டா இல்லையா என்று கேட்காமல், முதியவரின் உடல்நிலையைப் பார்த்தே உதவி அளவிடப்படுகிறது. என்னைக் கேட்டால், அந்தச் சட்டத்தின் சிறந்த பிரிவு அதில் இல்லாத பிரிவுதான்: வீட்டிலேயே பேணும் குடும்பத்துக்குக் கைப்பணம் தருவது என்ற ஏற்பாடு அதில் இல்லை. ஜெர்மனியில் உண்டு, ஜப்பானிய மகளிர் வேண்டாமென்றனர். பணத்தைக் கொடுத்தால் அதை வாங்கிக்கொண்டு, "இனிக் கூலியும் உண்டு, செய்!" என்று மருமகளையே மீண்டும் உட்கார வைப்பார்கள், எங்களுக்கு வேண்டியது உதவிக்கு வரும் கை என்றனர். கசப்பான அனுபவத்திலே விளைந்த கூர்மையான வாதம்! வறிய குடும்பத்துக்கு அப்பணம் தேவைப்பட்டிருக்கும் என்பாரும் உளர். அவர்களுக்கு என் மறுமொழி, ஒரு முறை முன்பாதிப் புதினத்தைப் படித்துவிட்டு வாருங்கள் என்பதே.

சட்டம் நடைமுறைக்கு வரச் சில மாதமே இருக்கையில், 1999-இல், ஆளுங்கட்சியின் கொள்கைக் குழுத் தலைவர் ஷிஸுகா கமெய் குறுக்கே வந்தார். பிள்ளைகள் பெற்றோரைப் பேணும் அழகிய பண்பு கெட்டுவிடுமாம்! பண்பு கெடாதிருக்க, 65 வயதினரின் சந்தா முதல் அரையாண்டுக்குத் தள்ளி வைக்கப்பட்டது. அழகிய பண்பைக் காத்துவரும் பெருமக்களிலே எத்தனை பேர் தம் தந்தையின் கழிவுத்துணியை மாற்றியிருப்பர் என்று எந்த நிருபரும் அவரைக் கேட்டாரோ, தெரியேன்.

சட்டம் வந்தும் ஒப்பந்தம் முழுதும் மாறிவிடவில்லை. குடும்பத்தாரைப் பேணத் தொழிலாளிக்கு 93 நாள் விடுப்பு உண்டு என்று சட்டம் கூறுகிறது. கிழவர் 93 நாளிலே நலம் பெற்று எழுந்துவிடுவார் என்று எண்ணினார்கள் போலும்! முதியோரைப் பேணுவதற்காகவே வேலையை விடுவோர் இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் பேர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். ஊதியத்துக்குப் பேணும் தொழிலிலும் பெண்களே மிகுதி. அவர்கள் கூலி மற்றத் தொழில்களின் சராசரிக்குக் கீழேதான் நிற்கிறது. இல்லத்தில் இலவசமாகச் செய்யப்பட்ட வேலை சந்தைக்கு வந்தபோது, அந்த இலவசத்தின் நிழலையும் கூடவே இழுத்து வந்துவிட்டது.

இத்தொழிலாளருக்கென ஒரு தொழிற்சங்கம் 2000 பிப்ரவரியில், சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, தோன்றிற்று. இவர்கள் கூலியை நிறுவனம் மட்டும் தீர்மானிப்பதில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை அரசு திருத்தும் கட்டண விகிதமும் தீர்மானிக்கிறது. ஆகவே நிறுவனத்தின் வாயிலிலும் நிற்க வேண்டும், அமைச்சகத்தின் வாயிலிலும் நிற்க வேண்டும். ஷிகெஸோவைக் குளிப்பாட்டிய வேலைக்கு இப்போது மணிக்கணக்கு இருக்கிறது, கட்டணப் பட்டியல் இருக்கிறது, கோரிக்கை மனுவும் இருக்கிறது. அந்தக் கட்டணம் போதாதென்றுதான் அவர்கள் வழக்காடுகிறார்கள்.